நடாத கழியும் கழன்ற செயினும்

"கழி இல்லாம செயின் இன்னா தானா எகிறிக் குதிச்சுதா? சொல்லு அண்ணி, கேக்கறேன்! உங்க ஊட்டுக்காரர் நட்ட கழிதான் உள்ள பூந்து செயினைத் தூக்கிப் போட்டுடுச்சு!"

"எங்கடா கழி? காட்டுடா அத்த! கறுப்புக் கண்ணாடி மாட்டிகினு வண்டி ஓட்டறவனுக்குக் கழி எது, கருவாடு எதுன்னு இன்னாடா தெரியும்?"

முதலில் கத்தியவன் ஆதிகேசவன். பதிலுக்குக் கத்தியவள் பவுனம்மாள். இருவருக்கும் நடுவில், முகத்துவாரத்து மணல்மேட்டில், ஒரு புல்டோசர் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. வலது பக்கச் செயின் ஒழுங்காக இருந்தது. இடது பக்கச் செயின் முன்சக்கரத்தை விட்டு நழுவி மணலில் சரிந்து கிடந்தது. அவிழ்ந்த வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கும் பெரிய மனிதனைப் போல இருந்தது அந்த வண்டி. கோட்டைக்குப்பம் முழுவதும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றது. பழவேற்காட்டுக் கடைத்தெருவிலிருந்தும் பாதிப் பேர் வந்திருந்தார்கள். இப்படி ஒரு காட்சி கிடைக்கும்போது யார்தான் வீட்டில் இருப்பார்கள்?

இது தொண்ணூற்றெட்டில் நடந்தது. அந்த வருஷம் முகத்துவாரம் மணலடித்து மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஏரி நாறியது; இறால் என்பதைக் குழந்தைகள் மறந்தே போயிருந்தார்கள். எத்தனையோ மனு கொடுத்த பிறகு பொன்னேரிக் காண்டிராக்டர் ஒருவர் மேட்டை வெட்ட வண்டி அனுப்பினார். வண்டியோடு வந்த ஆபரேட்டரைப் பார்த்ததும் ஊர் வாயைப் பிளந்தது. அவன் இதே குப்பத்தில் பிறந்து, பத்து வருஷத்துக்கு முன் வலையை வீசி எறிந்துவிட்டுப் போன ஆதிகேசவன்.

ஒல்லாந்துக்காரன் கோட்டை இடிந்து கிடக்கும் மேட்டருகே அவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய நாளில், அவர்கள் கல்லறை வாசலில் செதுக்கி வைத்திருக்கும் எலும்புக்கூடுகூட எழுந்து வந்து எட்டிப் பார்த்திருக்கும். அப்படி ஒரு சத்தம், அப்படி ஒரு உதார். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனுக்குச் சொந்த வீடு கிடையாது. ஆனால் வந்த மூன்று நாளும் ஒரு வேளைகூட அவன் பட்டினி கிடக்கவில்லை. வேளைக்கு ஒரு வீடு. அதில் தாய்மாமன் பெருமாள் வீட்டில் மட்டும் நான்கு வேளை. பெருமாளுக்குக் கல்யாண வயதில் கஸ்தூரி என்று ஒரு பெண் இருந்தாள் என்பதைச் சொல்லிவிட்டால், அந்த நான்கு வேளைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா போனால் மரியாதையாக இருக்குமா? வண்டிக்கென்று கம்பெனி கொடுத்த கிரீஸ் டின்கள் இருந்தன. குப்பத்தில் எல்லாப் படகிலும் அப்போதுதான் என்ஜின் ஏறியிருந்தது. சுழலும் தண்டுக்குக் கிரீஸ் தடவாவிட்டால் அது கதறும். முதல் நாள் ஒருவன் கொட்டாங்குச்சியை நீட்டினான். ஆதிகேசவன் வழித்துப் போட்டான். "கம்பெனி கிரீஸுதானே, எடுத்துக்கோ!" சாயங்காலத்துக்குள் கொட்டாங்குச்சிகள் வரிசை கட்டின. பெருமாளுக்கு மட்டும் கொட்டாங்குச்சி இல்லை, மூடியோடு ஒரு முழு டின். மாமனார் ஆகப்போகிறவர் அல்லவா?

மூன்றாம் நாள் பவுனம்மாளின் கணவன் ரங்கன் வந்தான். அதிகம் பேசாத மனிதன். ஊரிலேயே, வாங்கும்போதே பழசாக இருந்த என்ஜின் அவனுடையதுதான். கிரீஸ் அதற்குத்தான் அதிகம் வேண்டும். டின்னின் அடி தெரிய ஆரம்பித்திருந்த நேரம். ஆதிகேசவன் பக்கத்தில் நின்ற நான்கு பேரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "அந்த என்ஜினுக்குக் கிரீஸ் எதுக்குண்ணா? மாலை வாங்கிப் போடு, போதும்" என்றான். நால்வரும் சிரித்தார்கள். ரங்கனும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் காலிக் கொட்டாங்குச்சியோடு திரும்பிப் போனான்.

அது நடந்தது நேற்று. இன்றைக்கு அமாவாசை.

அமாவாசையில் கடல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். வற்றும் நேரத்தில் மேட்டைத் திறந்துவிட்டால் ஏரித் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கடலுக்கு ஓடி, ஓடுகிற வேகத்திலேயே வாயை அகலமாக அறுத்துக்கொள்ளும். தவறவிட்டால் ஓட்டம் பலமிழந்துவிடும். அலை இரண்டு நாளில் மறுபடியும் மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். பிறகு பௌர்ணமி வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். மத்தியானத்துக்குள் வெட்ட வேண்டியது இன்னும் இருபது கஜம்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரியும் நான்கைந்து பெண்களும் கூடையோடு கரைப்பக்கம் வந்தார்கள். ஆதிகேசவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கச் செயினை நிறுத்தி மறுபக்கத்தை மட்டும் ஓட்டி, நின்ற இடத்திலேயே வண்டியைப் பம்பரம் போல ஒரு சுற்று சுற்றிக் காட்டினான். இடது செயின் முந்தின நாளிலிருந்தே தொய்ந்து தொங்கிக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். கிரீஸ் துப்பாக்கியால் சிலிண்டருக்குள் கிரீஸ் ஏற்றினால் முன்சக்கரம் முன்னே தள்ளிச் செயின் விறைப்பாகும் என்பதும் தெரியும். ஏற்றுவதற்குக் கிரீஸ் இல்லை என்பதும் தெரியும். அரைச்சுற்றிலேயே செயின் கழன்றது.

முதலில் ஓடிவந்தவர் பெருமாள். "இன்னாச்சுடா?"

கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிகேசவன் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஏதோ கழி மாட்டிக்கிச்சு மாமா."

ஏதோ கழி. யார் கழி என்று அவன் சொல்லவில்லை. அவ்வளவோடு விட்டிருந்தால் கழியும் மணலோடு மணலாகப் போயிருக்கும். ஆனால் பெருமாள் விடுகிற ஆளா? "இங்க ஏதுடா கழி?" என்று கேட்டவர், கேட்ட வாய் மூடுவதற்குள் தானே பதிலையும் கண்டுபிடித்துவிட்டார்.

ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார்தான் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்துப் பாடுதான் எல்லாவற்றிலும் உசத்தி. குடும்பத்துக்கு ஒரு முறை வந்துபோனால் அடுத்த முறைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தன் நாள் விடிவதற்கு முன்னால் எவனாவது வலைக்கழியை நட்டு இடம் பிடித்தால், அந்தச் சுற்று அவனுக்குப் பாடு கிடையாது. அடுத்த முறைக்காரனுக்குப் போய்விடும். நாளைய பாடு ரங்கனுடையது. புதிதாகத் திறக்கும் வாயில் முதல் வலை. நான்கு மாதத்து இறாலும் அதில்தான் வந்து விழும். அவனுக்கு அடுத்த முறை யாருடையது என்றா கேட்கிறீர்கள்? பெருமாளுடையது.

"ரங்கன்தான் முந்திக் கழி நட்டுக்கிறான்!" என்றார் பெருமாள், ஊருக்கே கேட்கும்படி.

ஆதிகேசவன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். அப்புறம் பவுனம்மாள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து சண்டைக்கு நின்றபோது, பின்வாங்க வழி தெரியாமல், மாமன் சொன்னதையே தானும் சொன்னான். ஒரு முறை சொன்னதும் அடுத்த முறை இன்னும் சத்தமாக வந்தது. பொய்யின் சுபாவம் அப்படி.

"சரி, போதும்" என்று பெருமாள் கையை உயர்த்தினார். அவர் ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒருவர். "ரங்கனுக்கு இந்தச் சுத்துப் பாடு கெடையாது. சாயங்காலம் பஞ்சாயத்துல சொல்லிடலாம்."

பவுனம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததால் அதில் பாதி அவள் மேலேயே விழுந்தது. சிரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ரங்கன் என்ன செய்வான் என்று எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல செயினை மாட்டலாம்" என்றான். "கடல் வத்த ஆரம்பிச்சிடும். பாடு யாருக்குன்னு அப்பால பேசிக்கலாம்." கீழே கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தருகே போய்க் குந்தினான்.

ஆதிகேசவனுக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் காது மடல் சுட்டது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம். அடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். கடப்பாரையோடு வேலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டவனை என்ன செய்வது?

கடைத்தெருவில் என்ஜின் ரிப்பேர் பார்க்கும் மாசிலாமணி வந்து சேர்ந்தார். இருபது வருஷம் ஹார்பரில் கிரேனோடு கிடந்தவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தொங்கிய செயினை விரலால் தூக்கிப் பார்த்து, "ம்" என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் சொல்லச் சொல்ல வேலை நடந்தது. ஆதிகேசவன் ஏறி, முன்னால் இருக்கும் மண் தள்ளும் பலகையைத் தரையில் ஊன்றி அழுத்தினான். வண்டியின் முன்பக்கம் மேலே எழுந்தது. அடியில் பனங்கட்டைகளை அடுக்கினார்கள். சக்கரங்களுக்கு நடுவில் இறுகிக் கிடந்த மணலையும் கிளிஞ்சலையும் பெண்கள் கையாலேயே தோண்டி எடுத்தார்கள்.

பவுனம்மாள் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்தாள். உதவி செய்யவா? அதுதான் இல்லை. வெளியே வந்த ஒவ்வொரு பிடி மணலையும் அரிசியில் கல் பொறுக்குவது போல விரித்துப் பார்த்தாள்.

"இது கிளிஞ்சல். இது நண்டு ஓடு. இது யாரோ துப்பின வெத்தலை. கழி எங்கடா கேசவா?"

"ஒரு சிராய்கூட இல்லியேப்பா" என்றார் மாசிலாமணி. "நட்டது கழியா, உப்பா? கரைஞ்சு போச்சே!"

"தண்ணி அடிச்சிகினு போயிருக்கும்" என்றார் பெருமாள்.

"தண்ணி எங்க பெருமாளு? தண்ணி வரணும்னுதான் இம்மாம் பேரு இங்க கீறோம்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. ஆதிகேசவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். அதை மாட்டிக்கொண்டிருந்தாலும் பார்க்கிறார்கள், கழற்றினாலும் பார்க்கிறார்கள்.

செயினைத் தூக்கும் வேலைக்குப் பத்துப் பேர் வடம் பிடித்தார்கள். படகை இழுக்கும் அதே குரல், அதே மூச்சு. ரங்கன் கடப்பாரையைச் செயினின் அடியில் கொடுத்து நெம்ப, செயின் ஒவ்வொரு கண்ணியாக முன்சக்கரத்தின் மேல் ஏறியது. "மெதுவா விடு!" என்று மாசிலாமணி கத்த, ஆதிகேசவன் மேலே இருந்து பின்சக்கரத்தை அங்குலம் அங்குலமாகச் சுழற்றினான். ஒரு இடத்தில் கடப்பாரை வழுக்கி, ரங்கனின் விரல்முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவன் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி நெம்பினான். கடைசியில் 'டங்' என்று ஒரு சத்தம். செயின் தன் இடத்தில் உட்கார்ந்தது. ஊர் கூவியது.

"கூவாதீங்கப்பா, இன்னும் ஆவல" என்றார் மாசிலாமணி. "தொளதொளன்னு கீது. இப்பிடியே ஓட்டினா பத்தடியில மறுபடி கழண்டுடும். கேசவா, கிரீஸ் அடி."

ஆதிகேசவன் கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினான். முனையை மாட்டினான். அழுத்தினான். 'புஸ்' என்றது. மறுபடியும் 'புஸ்'. மூன்றாவது தடவை அதுகூட வரவில்லை.

"கிரீஸ் எங்கடா?" என்றார் மாசிலாமணி.

விசித்திரம் என்னவென்றால், அந்தக் கேள்வியைக் கேட்டதும் தலை குனிந்தது அவன் மட்டும் இல்லை. வடம் பிடித்த பத்துப் பேரில் எட்டுப் பேர் திடீரென்று கடலை ஆராய்ந்தார்கள். ஒருவன் கால் கட்டைவிரலில் ஏதோ முள்ளைத் தேடினான். வாங்கும்போது வரிசையில் நின்ற கூட்டம், இப்போது ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதது போல நின்றது.

ஆதிகேசவன் பெருமாளைத் தள்ளி அழைத்துப்போனான். "மாமா, அந்த டின்னு..."

"எந்த டின்னு?"

"அன்னிக்கிக் குடுத்தேனே மாமா. ஊட்ல கீதே."

பெருமாள் குரலைத் தாழ்த்தினார். "டேய், மூளை கீதா உனக்கு? கழி மாட்டிக் கழண்டுதுன்னு சொல்லிட்டு, இப்ப கிரீஸ் இல்லன்னு போய் நின்னா ஊரு இன்னா நெனைக்கும்? பொன்னேரிக்கு ஆள் அனுப்பு. நாளைக்கித் தொறந்தா நாளைக்கி. பாடு நம்ம கைக்கு வந்தாச்சு. கஸ்தூரியக் கட்டிக்கப் போறவன் பேசற பேச்சாடா இது?"

பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய்வர மூன்று மணி நேரம். கடல் வற்ற ஆரம்பிக்க ஒரு மணி நேரம்கூட இல்லை.

அவன் திரும்பி வந்தான். வருகிற வழியில் இன்னொரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் வந்தான். அவனை ரொம்ப நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம்.

"டின்னு ஓட்டை. மணல்ல கொட்டிப் போச்சு."

"ஓட்டை டின்னுலேர்ந்துதான் ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்தியா?" என்றாள் பவுனம்மாள்.

ரங்கன் எழுந்து லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டான். குரலில் ஒரு குத்தலும் இல்லாமல், கேட்ட விலாசத்துக்கு வழி சொல்வது போல, "எங்க ஊட்ல இல்ல கேசவா, எனக்கு நீ தரல" என்றான். "இருந்தா இந்நேரம் கொண்ணாந்திருப்பேன். மத்தவங்க கிட்ட கேளு."

மாலை வாங்கிப் போடு என்று தான் சொன்னது ஆதிகேசவன் காதில் மறுபடியும் விழுந்தது. தன் குரல் அத்தனை அசிங்கமாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. ரங்கன் விரல்முட்டியிலிருந்து இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"கழி இல்ல" என்றான் ஆதிகேசவன்.

"இன்னா?"

"கழி ஒண்ணியும் இல்ல. ரங்கண்ணன் நடல. செயின் நேத்திலேர்ந்தே லூசு. கிரீஸை நான்தான் வாரிக் குடுத்துட்டேன்."

நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்த வார்த்தைகள்தான். ஆனால் கடற்கரையில் காற்று இருக்கிறதே, முன்வரிசையைத் தாண்டி எதுவும் போகவில்லை. "இன்னா சொல்றான்? கேக்கல, சத்தமாச் சொல்லச் சொல்லு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவன் மறுபடியும் சொன்னான். அதற்குள் கடைத்தெருவிலிருந்து புதிதாகச் சிலர் வந்து சேர்ந்து, "இன்னாவாம்?" என்றார்கள். மூன்றாவது தடவை சொல்லும்போது "வாரிக் குடுத்துட்டேன்" வரவே இல்லை. மாசிலாமணிதான் அதை அவனுக்காக முடித்து வைத்தார்.

யாரும் நகரவில்லை. கொண்டுவந்து கொடுத்தால் வாங்கினேன் என்று ஆகிவிடும் அல்லவா?

அப்போது கூட்டம் விலகியது. யாரும் கவனிக்காதபோது வீட்டுக்குப் போயிருந்த கஸ்தூரி, தண்ணீர்க் குடத்தைப் போலக் கிரீஸ் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவைத் தாண்டி வந்தாள். டின்னை மாசிலாமணியின் காலடியில் வைத்தாள்.

"நைனா மூடி மட்டும்தான் தொறந்து பாத்துக்கிறாரு. ரொம்பவே கீது" என்றாள்.

பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். ஆதிகேசவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திரும்பிப் பார்த்திருந்தால் எவ்வளவோ மேல். கூடையை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விட்டாள்.

அவள் கொண்டுவந்த பிறகு, கொட்டாங்குச்சிகள் ஒவ்வொன்றாக வந்தன. மீன் செதிள், மணல், தலைமுடி எல்லாம் கலந்த கிரீஸ். "இத்த வெச்சு மீசைக்குத் தடவிக்கோங்க. வண்டிக்கு டின்னுது போதும்" என்று மாசிலாமணி திருப்பி அனுப்பிவிட்டார். கொண்டுவந்தவர்கள் அவமானத்தோடு அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

துப்பாக்கி நிரம்பியது. முன்சக்கரம் மெல்ல முன்னே தள்ளியது, செயின் விறைத்தது. மீதி இருபது கஜத்தை ஆதிகேசவன் ஒரு திருப்பம்கூட இல்லாமல், நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் வந்து வெட்டி முடித்தான். கடைசி மண் சரிந்ததும் ஏரி ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு ஓடியது. வடம் பிடித்தவர்கள் எல்லாம் தண்ணீரில் குதித்தார்கள். ஆதிகேசவன் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. ரங்கனின் பாடு ரங்கனுக்கே என்று ஆனது. அதைச் சொன்னவர் பெருமாள்தான். சொல்லும்போது இருமல் வந்தது. ஆதிகேசவன் ஓரமாக, குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தான். குப்பத்தில் யார் தப்புச் செய்தாலும் தண்டம் உண்டு. கட்டிவிட்டால் வெற்றிலை கொடுப்பார்கள். வெற்றிலை வாங்கிவிட்டால் அந்தப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் எடுத்தவனுக்குத் தண்டம்.

எல்லாரும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள்.

"எனக்கு இன்னா தண்டம்?" என்று அவனே கேட்டான்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உனக்கு எதுக்குப்பா தண்டம்?" என்றார் ஒருவர், நல்ல மனதோடுதான். "நீ கம்பெனி ஆளு."

"அண்ணா, நீயாவது சொல்லு" என்றான் ரங்கனிடம்.

"அதான் தொறந்தாச்சே, விடு" என்றான் ரங்கன். நாளைக்கு விடிவதற்குள் வலையைச் சரி பார்க்க வேண்டும் என்று அவனுக்கு அவசரம்.

வெற்றிலைத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். மறுநாள் ரங்கன் வலையில் விழுந்த இறாலைப் பற்றி ஊர் இன்றைக்கும் பேசுகிறது. அதைப் பேசினால் அதற்கு முந்தின நாளையும் பேசித்தானே ஆக வேண்டும்? தடுக்கத்தான் ஒரு வெற்றிலையும் இல்லையே. ஆதிகேசவன் பஞ்சாயத்துக்கு மறுநாள் விடியற்காலையிலேயே வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

தை மாதத்தில் கஸ்தூரிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கும்மிடிப்பூண்டியில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் நீலமேகம். குள்ளம், ஆனால் வாய் அளந்துதான் பேசும். பெண் போன பிறகு பெருமாள் பஞ்சாயத்தை விட்டு விலகி, மகளோடேயே போய் இருந்துவிட்டார். மாசிலாமணி கடையை மூடிக்கொண்டு எண்ணூரில் இருக்கும் மகனிடம் போனார். ஆதிகேசவன் நெல்லூர்ப் பக்கம் வேலையாகி, அங்கேயே சாமுண்டீஸ்வரி என்று ஒரு தெலுங்குப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். இரண்டு பிள்ளைகள். வருஷா வருஷம் அம்மன் திருவிழாவுக்கு அவள் பிள்ளைகளோடு வந்து பவுனம்மாள் வீட்டில்தான் இறங்குகிறாள். பவுனம்மாளும் மீனைப் பொரித்துப் போட்டுக் கதை கேட்பாள். ஆதிகேசவன் மட்டும் பொன்னேரி ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அவர்களைப் பழவேற்காட்டுப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அடுத்த ரயிலுக்குத் திரும்பிப் போய்விடுகிறான்.